நூலிழைப் பச்சை நிலைக்க வேண்டுமானால்

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கல்லூரிக்குப் போகும் பெண்களின் மணிக்கட்டில் இப்போது ஒரு புது வகைப் பச்சையைப் பார்க்கிறோம். தையல் நூலின் பருமனே உள்ள ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டில் ஒரு நெற்கதிர், ஒரு மயிலிறகு, அம்மாவின் பெயர். கடைக்காரர்கள் இதை ‘ஃபைன் லைன் டாட்டூ’ என்கிறார்கள். குத்திய அன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஓரிரு ஆண்டு கழித்து இரண்டு குறைகளில் ஒன்று வருகிறது. கோடு மங்கிப் பாதி காணாமல் போகிறது, அல்லது ஊறிப் பரந்து வடிவம் கலங்கிவிடுகிறது.

அதே ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், வாழ்நாள் முழுக்க நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் வந்த மூதாட்டிகளின் முன்கையில் இளவயதில் குத்திய கோலம் இன்னும் கோலமாகவே இருக்கிறது. எத்தனை வெயிலும் சேறும் பட்ட கைகள் அவை! இரண்டும் மனிதத் தோலுக்குள் ஊசியால் இறக்கிய கரிதான். ஒன்று நிற்கிறது, இன்னொன்று நிற்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் மெல்லிய பச்சையையும் பல ஆண்டு காப்பாற்றலாம்.

முதலில் மை எங்கே தங்குகிறது என்று பார்ப்போம். தோலின் மேலடுக்கு முன்கையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை அது உதிர்ந்து புதிதாகிறது. அதில் நின்ற மை அதனோடு உதிர்ந்துவிடும். அதற்கு அடியில் இருப்பது உள்தோல். நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள இந்த அடுக்கில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குள், மை நிற்க வேண்டும். இன்னும் ஆழமாகக் குத்தினால் அடியிலுள்ள கொழுப்பில் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலப் புகை படிந்தது போல ஆகிவிடும். நூலிழைக் கோட்டை அநேகமாக 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள ஒற்றை ஊசியாலோ மூன்று ஊசிக் கட்டாலோ குத்துகிறார்கள். அதில் இறங்கும் மை மிகக் குறைவு. கை சற்று மேலே நின்றால் கோடு உதிரும், சற்றே கீழே போனால் பரவும். தடித்த கோட்டில் மறைந்துபோகும் பிழை இதில் மறையாது.

உள்தோலுக்குள் போன மையை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. ‘மேக்ரோஃபேஜ்’ என்னும் விழுங்கணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன. கரியைச் செரிக்க அவற்றால் முடியாது, ஆகவே வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன. நாம் பச்சை என்று பார்ப்பதில் பெரும்பகுதி இந்த அணுக்களின் வயிறுதான். 2018இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி, பிறகு அந்த விழுங்கணுக்களை மட்டும் கொன்று பார்த்தார்கள். பச்சை அழியவில்லை. செத்த அணு உமிழ்ந்த மையைப் புதிதாக வந்த அணு விழுங்கிக்கொண்டது. ஆக, பச்சை ஒருமுறை எழுதி முடிந்த எழுத்தன்று. ஓர் அணு விட்டதை இன்னோர் அணு ஏந்த, வாழ்நாள் முழுதும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதற்கிடையே மிகச் சிறிய துகள்கள் நிணநீரோடு போய் நிணநீர்க் கணுக்களில் சேர்கின்றன, சில துகள்கள் பக்கத்தில் நகர்கின்றன. இதனால் எல்லாப் பச்சையும் காலப்போக்கில் சற்றே மங்கும், சற்றே அகலும். தடித்த கோட்டுக்கு இந்த நட்டம் ஒரு பொருட்டில்லை. நூலிழைக்கு அது பாதிச் சொத்து.

இனிப் பழைய கோலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் குறவர் சமூகப் பெண்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்புகளில் அவர்கள் மை செய்த முறை இருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். சில தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். வலி தெரியாதிருக்கப் பாடிக்கொண்டே குத்துவதும் உண்டு. முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி மஞ்சள் தடவுவார்கள்.

இந்த முறையில் பச்சை நிலைத்ததற்குக் காரணங்களை என் புரிதலில் சொல்கிறேன். விளக்குக் கரி என்பது கார்பன். வெயில் அதை எளிதில் குலைக்காது. தோலுக்கடியில் அது பச்சையாகவும் நீலமாகவும் தெரிவதற்கு மேலே உள்ள தோல் ஒளியைச் சிதறடிப்பது காரணம், மையின் நிறம் மாறிவிடவில்லை. அடுத்தது, ஊசிக்கட்டு ஒவ்வொரு புள்ளியிலும் தாராளமாக மை இறக்கியது. மூன்றாவது காரணத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். புள்ளிக்கும் புள்ளிக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அந்தப் பெண்கள் விட்ட வெற்றிடம். மை ஊறி ஒவ்வொரு கோடும் இரு மடங்கு அகன்ற பிறகும் நடுவில் தோல் தெரிகிறது, அதனால் கோலம் படிக்கக் கிடைக்கிறது. இன்று பாட்டியின் கையில் நாம் பார்க்கும் கோடு அன்று குத்திய கோடன்று, அகன்ற கோடு. அகல இடம் வைத்து வரைந்ததால் அழகு கெடவில்லை. அந்தக் கலைஞர்களின் பெயர்களை நான் அறிந்தவரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய தேர்ச்சிக்கு உரிய மரியாதையை நம் ஊர் இன்னும் தரவில்லை.

அவர்கள் முறையில் விட்டுவிட வேண்டியதும் உண்டு. ஒரே ஊசியால் பலருக்குக் குத்தினார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் எச்.ஐ.வியும் அந்த வழியில் பரவக்கூடியவை. திருவிழாக் கடைவீதியில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஒரே ஊசியையும் ஒரே மைக்குப்பியையும் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பயன்படுத்துபவரிடம் கையை நீட்ட வேண்டாம். அங்கே குத்தும் பச்சை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பராமரிப்பு தொடங்கிவிடுகிறது. தமிழ் எழுத்தைக் குத்திக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் சுழி அதிகம். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் உள்ளே வளைந்து திரும்புபவை. மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேல் மிக அருகில் நிற்கிறது. பெயரை அரை சென்டிமீட்டர் உயரத்தில் குத்தினால் சில ஆண்டுகளில் சுழிகள் அடைத்துப்போய் ‘கண்ணன்’ வெறும் கருந்திட்டாகிவிடும். எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் இருக்கட்டும், சுழியின் உள்ளே ஒரு நெல் நுழையும் அளவு இடம் இருக்கட்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கணினியில் பார்க்க அது சற்றுத் தளர்வாகத் தோன்றும். பத்தாவது ஆண்டில் அதுதான் சரியான அளவாக இருக்கும்.

நிறமும் அப்படியே. நம் தோலின் நிறமி மைக்கு மேலே உள்ள அடுக்கில் இருக்கிறது. மாநிறத் தோலில் சாம்பல் சாயலும் வெளிர் வண்ணமும் நிறமியின் அடியில் அமுங்கிவிடும். வெளிநாட்டுப் படத்தில் வெண்தோலில் தெரியும் சாம்பல் பூவைக் காட்டி அதையே கேட்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். நம் தோலுக்கு நூலிழை என்றால் முழுக் கருப்பு. காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் குத்திக்கொள்ளும் முன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் அவ்வாறே.

இடத்தைப் பற்றி ஒரு சொல். விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் ஆகியவற்றில் மேல்தோல் தடித்தது, உராய்வும் ஓயாதது. அங்கே மெல்லிய கோடு பெரும்பாலும் நிற்பதில்லை. மணிக்கட்டில் கடிகாரமோ வளையலோ உரசும் இடமும் நல்லதன்று. முன்கையின் உட்பக்கம், மேற்கை, தோளின் பின்புறம் ஆகியவை ஏற்றவை. காவிரி டெல்டாவில் வயல் வேலை செய்பவருக்கு விரலும் புறங்கையும் ஆண்டில் பல நாள் சேற்றில் இருக்கும். அவர்களுக்கு முழங்கையை ஒட்டிய உட்பக்கத்தைத்தான் சொல்வேன்.

குத்தும் இடத்தில் ஊசி உங்கள் கண் முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. மையில் கலக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாயல் காட்ட மையை நீர்க்கச் செய்வது நூலிழை வேலையில் வழக்கம். 2011இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் சிவந்த தடிப்புகள் வந்தன. முன்கூட்டியே நீர்க்கச் செய்து குப்பியில் வந்த சாம்பல் மையில் ‘மைக்கோபாக்டீரியம் கிலோனே’ என்ற கிருமி இருந்தது தெரியவந்தது. காசநோய்க் கிருமியின் உறவான இது தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அடங்காது, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மையில் கலப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிருமி நீக்கிய நீர்தான் கலக்கலாம். மையையும் சிறு மூடியில் உங்களுக்கென்று ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

குத்தி முடிந்தபின் முதல் இரண்டு வாரம்தான் கோட்டின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. கடையில் சுற்றிவிட்ட உறையை அவர்கள் சொன்ன நேரத்தில் எடுத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவியபின், வாசனையில்லாத மென்மையான சோப்பும் சுத்தமான ஓடும் நீரும் கொண்டு விரல் நுனியால் கழுவுங்கள். தேங்காய்ப்பூத் துண்டால் துடைக்காதீர்கள். அதன் நூல் முடிச்சு பொருக்கைப் பிய்த்துவிடும், ஈரத் துண்டில் கிருமியும் இருக்கும். சுத்தமான மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பிறகு வாசனையற்ற மாய்ஸ்சரைசர் களிம்பை, இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவு மெல்லியதாக, நாளைக்கு இரண்டு மூன்று முறை தடவினால் போதும். களிம்பைக் கனமாக அப்பினால் தோல் ஊறிப்போகும், மெல்லிய கோட்டின் மை பொருக்கோடு கழன்று வரும். ஒட்டும் கண்ணாடிப் படலம் போட்டுவிடும் கடைகளும் உண்டு. நம் ஊர் வியர்வையில் அதனடியில் நீர் தேங்கும். ஓரம் பிரிந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றே எடுத்துவிட்டுக் கழுவும் முறைக்கு மாறிவிடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் அன்போடு நீட்டும் மஞ்சள் விழுது, விளக்கெண்ணெய், விபூதி மூன்றும் திறந்த புண்ணுக்கு ஆகாது. கடை மஞ்சளும் அம்மியும் கிருமி நீக்கியவை அல்ல. தேங்காயெண்ணெய் பொருக்கு முழுதும் உதிர்ந்த பிறகு தடவ நல்லது, அதற்கு முன் வேண்டாம். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ‘படைக்கு’ என்று கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து போலத் தோன்றும். உள்ளே புண் ஆறுவது தடைபடும், தோல் மெலியும், கிருமி அமைதியாகப் பெருகும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தோல் செதில் செதிலாக உரியும், அரிக்கும். சொறியாதீர்கள், உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். உரிந்தபின் கோடு பால் படிந்தது போல மங்கித் தெரியும். அது புதுத் தோல். சில வாரங்களில் தெளியும். சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சூடு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பச்சை குத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

புண் ஆறும் இந்த நாட்களில் டெல்டாக்காரருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. ஆறு, வாய்க்கால், குளம், வயல் தண்ணீர் எதிலும் பச்சை குத்திய இடம் படக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி தோலின் கீறல் வழியாக உடலுக்குள் போகிறது. நெல்வயல் சேற்றில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமிக்கும் அதே வாசல், சர்க்கரை நோயாளிக்கு அது உயிரையே எடுக்கக்கூடியது. ஊசி குத்திய தோல் ஆயிரக்கணக்கான சிறு துளைகள் கொண்ட புண் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே எப்போது குத்துவது என்பதற்கு நம் விவசாய நாட்காட்டியையே பார்க்கலாம். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கில் ஆற்றில் முழுகாமல் இருக்க யாருக்கும் மனம் வராது. ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர். தையில் அறுவடை, நெல்லின் சுணை ஆறாத தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. சித்திரையில் கத்திரி வெயில். நடுவே மாசி மாதம் மிஞ்சுகிறது. சம்பா தாளில் உளுந்தும் பயறும் தானாக வளர்ந்துகொண்டிருக்கும், கைக்கு வேலை குறைவு, வெயிலும் உச்சத்துக்கு வரவில்லை. மாசிமகத்தன்று மகாமகக் குளத்தில் நீராட எண்ணம் இருந்தால் மட்டும் அதன் மறுநாள் குத்திக்கொள்ளுங்கள்.

ஆறிய பிறகு பல ஆண்டுக்குமான எதிரி வெயில் ஒன்றுதான். புற ஊதாக் கதிர் வண்ண மைகளை உடைக்கிறது. கருப்பு மை தாங்கும், ஆனால் மேலே தோல் கறுத்து, உள்ளே அதன் நார் தளர்ந்து, கோட்டின் விளிம்பு மழுங்கும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தோல் முழுதும் ஆறிய பின் வெளியே கிளம்பும் முன் பூசி, இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும். இதைச் சொல்லும்போதே, வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர் எங்கே இரண்டு மணிக்கொரு முறை பூசுவது என்பதும் தெரிகிறது. அவர்களிடம் இதைவிட நல்ல வழி முன்பே இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை! நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வியர்வையில் கரைவதில்லை, செலவும் இல்லை. இரண்டு சக்கர வண்டியில் கல்லூரிக்குப் போகும் பெண்ணும் அதையே செய்யலாம்.

இரத்த தானம் செய்பவர்கள் பச்சை குத்தியபின் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. முகாமில் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்.

கடைசியாக மறுகுத்து. ஆறியபின் அங்கங்கே கோடு அறுந்து தெரிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். தோல் ஆறும் முன் மீண்டும் குத்துவது தழும்புக்கு வழி. ஆண்டுதோறும் குத்திக் கருமையேற்றும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் தடிக்கிறது, நூலிழை கயிறாகிறது. மங்கிய கோட்டைக் கருமையாக்க ஊசியால் முடியும், அகன்ற கோட்டை மெலிதாக்க முடியாது. ஆகவே முதல் நாள் படத்தைத் தோலில் ஒட்டிப் பார்க்கும்போதே, உங்களுக்குப் பிடித்த அளவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, கோடுகளுக்கு நடுவே தோல் நன்றாகத் தெரியும்படி வரையச் சொல்லுங்கள்.